கட்டைவிரல் பக்கம்

கை குலுக்கக் கையை நீட்டினால் அண்ணி குலுக்கமாட்டாள். நீட்டிய கையைத் தாண்டிப் போய் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். "எப்படி இருக்கீங்க? பொண்ணுக்குப் பரீட்சை முடிஞ்சுதா?" என்று வாய் கேட்டுக்கொண்டிருக்கும். கண் மட்டும் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விடும். குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவர், எதிர் வீட்டுத் தையல்காரம்மா, வீட்டு வாடகைக்காக வந்து நிற்கிற வீட்டுக்காரர், யாரும் தப்ப முடியாது. கையை விடும்போது "சரி" என்று ஒரு வார்த்தை சொல்வாள். பெண் பரீட்சை எழுதியதற்குச் சொன்ன சரி என்று அவர்கள் நினைத்துக்கொண்டு போவார்கள். பாவம், அது அவர்களுடைய நாடிக்குக் கொடுத்த மார்க்.

அண்ணி அவசரப் பிரிவு டாக்டர். என் அண்ணனைக் கட்டிக்கொண்டவள். நாத்தனார் எழுதினால் அண்ணியைப் பற்றி நல்லதாக என்ன வந்துவிடப்போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சமையலில் உப்பு போட மறப்பாள், இல்லாவிட்டால் இரண்டு தடவை போடுவாள். அவள் மடித்துவைத்த துணியை மறுபடி மடிக்காமல் அலமாரியில் வைக்க முடியாது. யாருடைய பிறந்தநாளும் ஞாபகம் இருக்காது. ஆனால் யாருக்கு எப்போது மயக்கம் வந்தது, எதனால் வந்தது என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பாள். என் கல்யாண போட்டோவில் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறோம். அண்ணி மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்க்கிறாள். "உனக்கு அன்னிக்கு ரொம்பப் படபடப்பா இருந்துச்சும்மா" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்கு எனக்குப் படபடக்காமல் வேறு யாருக்குப் படபடக்கும்?

அவசரப் பிரிவுக்கு என்னென்னவோ வரும். உடைந்த எலும்பு வரும், விழுங்கிய நாணயம் வரும். அண்ணிக்குக் காது நிமிர்வது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான். "ஹார்ட் வேகமா ஓடறது தப்பே இல்ல. மாடி ஏறினா ஓடும், பயந்தா ஓடும், ஜுரம் வந்தா ஓடும். சும்மா உக்காந்திருக்கறப்போ தலைதெறிக்க ஓடுதுன்னா, யாரு துரத்தறான்னு கேக்கணும்" என்பாள். யார் துரத்துகிறார்கள் என்பதை இதயத் துடிப்பைக் கோடாகப் போட்டுத் தருகிற ஈசிஜி தாள்தான் சொல்லும். ஆனால் தாளைப் பார்ப்பதற்கு முன்னால் மணிக்கட்டைப் பிடித்துவிடுவாள்.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு கதை இருக்கிறது. ஒரு காலையில் வார்டுக் கோடியில் படுத்திருந்த பெரியவரின் இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் கோடு மலையும் பள்ளமுமாக எகிறியது. மணி அலறியது. மின்சார அதிர்ச்சி கொடுக்கும் மெஷினைத் தள்ளிக்கொண்டு ஆளாளுக்கு ஓடினார்கள். அண்ணியும் ஓடினாள். போனவுடன் பெரியவர் கையைப் பிடித்தாள். நாடி ஜம்மென்று, நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் வாய் நிறைய நுரையோடு திருதிருவென்று விழித்தார். மனிதர் படுக்கையில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தேய்த்த தேய்ப்பில் நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்கள் ஆடி, திரையில் சாவு மாதிரி ஒரு கோடு வந்திருக்கிறது. "ஐயா, நீங்க பல்லைத் தேச்சு முடிங்க, நாங்க அப்புறமா வந்து உங்களைக் காப்பாத்தறோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாளாம். "மெஷின் பொய் சொல்லாதும்மா. ஆனா சமயத்துல உளறும்" என்பது அன்றிலிருந்து அவள் பேச்சு.

சாப்பிட உட்கார்ந்தால் இந்தக் கதைகள்தான். எதிரே அண்ணன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பான். அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தொடாமல், தன் பக்கத்து பிரேக்கை மட்டும் நம்பி வாழ்ந்தவன். அந்தப் பிரேக் அவன் காலிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. சோபாவில் உட்கார்ந்து டிவியில் கார் வந்தால் வலது கால் தரையை அழுத்தும். குழந்தை ஓடி வந்தால் அழுத்தும். அண்ணி கதையில் ஆபத்தான இடம் வந்தாலும் அழுத்தும். ஒருத்தி எல்லார் கையையும் பிடிக்கிறாள், ஒருத்தன் எல்லாவற்றுக்கும் பிரேக் போடுகிறான். நல்ல ஜோடிதான் போங்கள்.

அவளுடைய கதைகளில் அண்ணனுக்கு ரொம்பப் பிடித்தது சிரிஞ்ச் கதை. நெஞ்சு குதிரை மாதிரி ஓடுகிறது என்று ஒரு பெண் வந்தாள். கோடு மெல்லிசாக, ஒழுங்காக, ஆனால் தாறுமாறான வேகத்தில் இருந்தது. அண்ணி ஊசி இல்லாத வெறும் சிரிஞ்சை அவள் கையில் கொடுத்தாள். "இதை வாயில வெச்சு நல்லா ஊதுங்க. உள்ள இருக்கற தண்டு நகரணும்." அவள் முகம் சிவக்க ஊதினாள். ஊதி முடித்த கையோடு படுக்கையைச் சாய்த்து, இரண்டு காலையும் மேலே தூக்கிப் பிடித்தார்கள். ஓடிய குதிரை நின்றுவிட்டது. "இவ்வளவுதானா டாக்டர்?" என்று அந்தப் பெண்ணுக்கே ஏமாற்றம். "இவ்வளவுதான். ஏன், இன்னும் கொஞ்சம் வேணுமா?"

ஊதியும் அடங்காதவர்களுக்கு ஒரு ஊசி உண்டு. அந்த மருந்து இதயத்தைச் சில வினாடிகள் நிறுத்திவைத்துவிட்டு மறுபடி ஓடவிடும். அதைப் போடும்போது மற்றவர்கள் "ஒண்ணும் இல்ல, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்வார்களாம். அண்ணிக்கு அந்தப் பொய்யைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் நோயாளியின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, "நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கும். செத்துடுவோம்னு தோணும். தோணத்தான் செய்யும், சாகமாட்டீங்க. சட்டுனு போயிடும். அதுவரைக்கும் நான் கையை விடமாட்டேன்" என்பாள். விடவும் மாட்டாள்.

ஒரே ஒரு வேளையில்தான் கையை விடச் சொல்வாள், அதுவும் கத்தி. மின்சார அதிர்ச்சி கொடுக்கும்போது யாரும் நோயாளியையோ கட்டிலையோ தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. தொட்டால் அடி நமக்கும் விழும். சாதாரணமாக அண்ணிக்குக் குரலே எழும்பாது. "எல்லாரும் தள்ளுங்க!" என்று அப்போது போடுகிற சத்தம் வராந்தா முழுக்கக் கேட்கும் என்கிறார்கள். எனக்கும் தெரியும். வீட்டில் கொதிக்கிற பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கும்போதும் அதே சத்தம்தான். அங்கே இருக்கிற எல்லாரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்போம்.

அண்ணனுக்குச் சில வருஷம் முன்பு மாரடைப்பு வந்தது. பிழைத்தான், மறுபடி வேலைக்கும் போனான். இதயத்தில் ஒரு தழும்பு மட்டும் தங்கிவிட்டது. அதிலிருந்து அண்ணி அவன் கையைப் பிடிக்கும் பிடி மாறிவிட்டது. மற்றவர்களைப் பிடித்தால் "சரி" என்று சொல்லி விட்டுவிடுவாள். அவனைப் பிடித்தால் ஒன்றும் சொல்லமாட்டாள், விடவும் மாட்டாள். டிவி பார்க்கும்போது, பஸ்ஸில், தூக்கத்தில்கூட. "டாக்டரம்மா, ஒரு கையைத் திருப்பிக் கொடுத்தா சாப்பிட்டுக்குவேன்" என்பான் அண்ணன். அவளுக்கு என்ன பயம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசமாட்டோம்.

போன வருஷம் ஒரு மத்தியானம், அவர்களிடம் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஒரே தெருதான், என்னிடம் சாவி உண்டு. கதவைத் திறந்தால் அண்ணன் தரையில் மல்லாந்து கிடக்கிறான். இரண்டு காலும் சோபாவின் மேல். வாயில் ஒரு சிரிஞ்ச். கன்னம் இரண்டும் பலூன் மாதிரி. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். சாம்பல் பூத்திருந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"ஒண்ணுமில்ல, கொஞ்சம் படபடன்னு இருக்கு. ஊதினா சரியாயிடும். உங்க அண்ணிகிட்ட சொல்லிடாதே, வீட்டை ரெண்டாக்கிடுவா" என்றான். மறுபடி ஊதினான். எவ்வளவு நேரமாக ஊதிக்கொண்டிருந்தானோ! டாக்டர் வீட்டில்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும். வேறு யாராவது என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்திருப்பார்கள். இவனுக்குத்தான் வைத்தியம் தெரியுமே! இதயம் ஓடினால் சிரிஞ்ச், ஊதினால் நிற்கும், எல்லாரும் சிரிப்பார்கள். சாப்பாட்டு மேஜையில் அந்தக் கதை எப்போதும் அப்படித்தானே முடிந்திருக்கிறது.

அண்ணிக்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டவுடனேயே "அவர் கையைப் பிடி" என்றாள். நான் விஷயத்தையே இன்னும் சொல்லவில்லை.

"பிடிச்சிருக்கேன் அண்ணி."

"அந்தப் பக்கம் இல்ல, கட்டைவிரல் பக்கம். எலும்புக்கு ஓரமா, மெதுவா ரெண்டு விரலை வை."

நான் தப்பான பக்கம் பிடித்திருக்கிறேன் என்று போனில் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்புறம் கேட்டேன். எல்லாரும் முதலில் தப்பான பக்கம்தான் பிடிப்பார்களாம். விரலை மாற்றி வைத்தேன்.

"எண்ண முடியுதா?"

"முடியல அண்ணி. ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தடிச்சு ஓடுது. அண்ணன் சிரிஞ்சை வெச்சு ஊதிக்கிட்டே இருக்கு."

பிறகு வந்தது என் அண்ணியின் குரல் இல்லை, டாக்டர் குரல். "ஊதினது போதும்னு சொல்லு. எழுந்து நடக்க விடாதே. கதவைத் திறந்து வை, ஆம்புலன்ஸ் அனுப்பறேன். பேச்சுக் கொடுத்துக்கிட்டே இரு. நினைவு தப்பி மூச்சும் நின்னுச்சுன்னா, நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு பலமா அமுக்கு, நிறுத்தாதே. போனை வைக்காதே."

இதயத்தின் மேல் அறையிலிருந்து கிளம்பும் ஓட்டம் என்றால் ஊதினால் அடங்கலாம். அண்ணனுக்குக் கிளம்பியது கீழ் அறையில். பழைய மாரடைப்பு விட்டுப்போன தழும்பைச் சுற்றி மின்சாரம் சுழன்று சுழன்று வந்திருக்கிறது. அதற்கு ஊர் முழுக்கச் சேர்ந்து ஊதினாலும் ஒன்றும் ஆகாது. ஆள் பேசுவான், சிரிப்பான், வாழைப்பழம்கூடச் சாப்பிடுவான். அடுத்த நிமிஷம் இருக்கமாட்டான். இதையெல்லாம் அண்ணி பிற்பாடுதான் சொன்னாள். ஆம்புலன்ஸில் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒவ்வொரு திருப்பத்திலும் அண்ணனின் வலது கால் ஸ்ட்ரெச்சரை அழுத்தியது மட்டும்தான். அது அழுத்திக்கொண்டிருக்கிறவரை எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணி நின்றிருந்தாள். பக்கத்தில், அவளோடு வேலை பார்க்கிற மப்ளர் டாக்டர். அவருக்கும் அண்ணிக்கும் ஏசி ரிமோட்டுக்காகத் தினமும் சண்டை. அவர் குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொள்வார், இவள் வேண்டுமென்றே இன்னும் குறைப்பாள். அன்றைக்கு மப்ளர் அவர் கழுத்தில் இல்லை. எங்கே கழற்றி எறிந்தாரோ.

சொந்தக்காரருக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அண்ணி கோடு போட்ட தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "கோடு அகலமா இருக்கு. தழும்பு இருக்கற ஹார்ட். மேல் அறை ஓட்டம்னு நினைச்சு..." என்று ஆரம்பித்தாள்.

"நினைக்கல மேடம். கீழ் அறைதான். மருந்து போட்டாச்சு" என்றார் மப்ளர் டாக்டர். அப்புறம் குரலைத் தணித்து, "இப்போ நீங்க டாக்டர் இல்ல. அவர் பக்கத்துல போய் நில்லுங்க" என்றார்.

அண்ணி போய் நின்றாள். அவன் கையைப் பிடித்தாள். நான் திரைச்சீலை இடுக்கில் நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. அண்ணன் கண்ணைத் திறந்து, "கண்டுபிடிச்சிட்டியா?" என்று அவளைப் பார்த்து அசடு வழியச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் பேச்சு குழறியது. "மெதுவா... மெதுவா கிளட்சை விடு... கண்ணாடியைப் பாரு" என்று யாரோ ஒரு மாணவனிடம் பேச ஆரம்பித்தான். ரத்த அழுத்தம் விழுகிறது என்று பெரிய சிஸ்டர் சொன்னார். அவர் அந்த வார்டில் எல்லாருக்கும் மூத்த நர்ஸ். "இனிமே மருந்தை நம்பி நிக்க முடியாது, ஷாக் கொடுத்துடலாம்" என்றார் மப்ளர் டாக்டர். அண்ணனைத் தூங்கவைத்தார்கள். நெஞ்சில் இரண்டு பட்டைகளை ஒட்டினார்கள். மெஷின் மெல்லிசாக ஊளையிட்டு, உச்சத்துக்குப் போய் நின்றது.

"எல்லாரும் தள்ளுங்க."

மப்ளர் டாக்டருக்கு அண்ணி மாதிரி குரல் வராது. ஆனாலும் எல்லாரும் தள்ளினார்கள். அண்ணி தள்ளவில்லை.

"மேடம், கையை எடுங்க."

வராந்தா அதிரக் கத்தி ஊரையே விலக்கியவள், அந்த வார்த்தையே காதில் விழாதவள் போல நின்றாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் அவன் மணிக்கட்டைச் சுற்றி வெளுத்துப் போயிருந்தன. விட்டால் போய்விடுவான் என்று நினைத்தாளா? நான்தான் அப்படி நினைத்தேன். விட்டுவிடாதீர்கள் அண்ணி என்று எனக்கே தொண்டை வரை வந்துவிட்டது.

பெரிய சிஸ்டர் கட்டிலைச் சுற்றி வந்தார். திட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. "வாங்கம்மா, கொஞ்ச நேரம்தான்" என்று சொல்லி அண்ணியின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். சுண்டுவிரல், அடுத்தது, அடுத்தது. எல்லாவற்றையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

பொத்தானை அழுத்தியவுடன் அடித்துவிடாது அந்த மெஷின். இதயத் துடிப்பில் தனக்கான இடம் வரும்வரை காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு கண் சிமிட்டும் நேரம்தான் என்கிறார்கள். இருக்கலாம். அண்ணன் உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். நானும் திரையைத்தான் பார்த்தேன், எனக்கு என்ன புரியும்! அண்ணி மட்டும் திரைப் பக்கமே திரும்பவில்லை. சிஸ்டரின் கையிலிருந்து கையை உருவிக்கொண்டு போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருக்கு" என்றாள். "நல்லா இருக்கு."

அப்புறம்தான் திரையும் அதையே சொன்னது. கட்டிலோடு அவனை வேறு வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். வளைவில் திரும்பும்போது போர்வைக்குள் அவன் வலது கால் தரையைத் தேடி அழுத்தியது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அண்ணி அழவில்லை. அவன் நன்றாகக் கண் விழிக்கும்வரை காத்திருந்தாள். விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "சிரிஞ்ச் ஏதுங்க உங்களுக்கு?"

"கதவுக் கீலுக்கு எண்ணெய் விடறதுக்கு நீதானே கொண்டுவந்து கொடுத்தே."

அப்போதுதான் அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் பார்த்ததில்லை. நடுநடுவே அவனைத் திட்டினாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடி அழுதாள். கையை மட்டும் விடவில்லை. அண்ணன் பாவம், எண்ணெய்ச் சிரிஞ்சைக் கழுவிவிட்டுத்தான் ஊதினேன் என்று அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான்.

இப்போது அண்ணனின் தோளுக்குக் கீழே, நெஞ்சுத் தோலுக்குள் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. மறுபடி அந்த ஓட்டம் கிளம்பினால் அதுவே பார்த்து ஓர் அடி கொடுத்து அடக்கும். "எனக்கு உள்ளேயே ஒரு டாக்டர் வந்தாச்சு. இது ஏசிக்குச் சண்டை போடாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். வண்டியில் ஏறிச் சொல்லிக்கொடுக்க அவனுக்கு இன்னும் அனுமதி இல்லை. வகுப்பில் உட்கார்ந்து சாலை விதி நடத்துகிறான். கார் ஓட்டுவது அண்ணி. அவள் ஓட்டுகிற அழகில் அவன் வலது காலுக்கு முன்னைவிட இரட்டிப்பு வேலை. சாப்பாட்டு மேஜையில் கதை மட்டும் குறையவில்லை. ஆனால் சிரிஞ்ச் வருகிற கதை என்றால், முடிக்கும்போது அவனை ஒரு முறை முறைத்து, "இது எல்லாருக்கும் கிடையாது" என்று சேர்த்துக்கொள்கிறாள்.

போன வாரம் மாலை அங்கே போயிருந்தேன். அண்ணி வேலை முடிந்து வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் சோபாவில் சாய்ந்தாள். முகம் ஓய்ந்து போயிருந்தது. "இன்னிக்கு ஒருத்தர் உயிர் தங்கல" என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் டிவியை அணைத்தான். வழக்கமாகத் தன் மணிக்கட்டை நீட்டுகிறவன், அன்றைக்கு அவள் கையை இழுத்து மடியில் வைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அத்தனை பேர் கையைப் பிடித்துப் பார்த்தவளின் கையை யாராவது பிடித்துப் பார்த்து நான் கண்டதில்லை. சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தான். எண்ணுகிற பாவனையில் உதட்டை வேறு அசைத்தான். "ம்... வண்டி நல்ல கண்டிஷன்லதான் இருக்கு" என்றான்.

பிடித்திருந்தது சுண்டுவிரல் பக்கம்.

அண்ணி இன்னொரு கையால் அவன் விரல்களை மெல்ல எடுத்து, கட்டைவிரல் பக்கம் நகர்த்தி வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.